ஸ்டியரிங் இல்லாத வண்டி

பிரென்ட் இன்னொரு புல்வெட்டும் வண்டியிலும் ஏறி உட்கார்ந்து, வாயாலேயே எஞ்சின் சத்தம் எழுப்பினான்.

ஐம்பதை நெருங்குகிற ஆள். தலையில் தொப்பி, தொப்பிக்கு மேல் கறுப்புக் கண்ணாடி. வெளியே நின்ற அவனுடைய டிரக்கின் டயர்கள் இடுப்பு உயரம் இருந்தன. அந்த டயர்கள் இதுவரை சேற்றைப் பார்த்திருக்காது.

விற்பனையாளன் கர்ட் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒஹையோவில் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை என்றால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். வீட்டைச் சுற்றி இருப்பது அரை ஏக்கர் புல். வாங்க வருவதோ கோல்ஃப் மைதானத்துக்கு உண்டான வண்டி. மற்றவர்களைப் பார்த்தால் கர்ட்டுக்குச் சிரிப்பு வரும். இவனைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது.

கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான் பிரென்ட். குளிர்காலத்தில்தான் மனைவியின் வீட்டுக்குக் குடிவந்தானாம். முன்பு அங்கே இருந்தவன் புல்தரையைப் பாழாக்கி வைத்திருக்கிறானாம். திரும்பிய பக்கமெல்லாம் களை. கையால் தள்ளுகிற ஒரு ஓட்டை மெஷின் கொட்டகையில் கிடக்கிறதாம். கையாலாகாத பயல் என்று சொல்லிச் சிரித்தான்.

"தெருவுல போறவன் வண்டிய நிறுத்தி நம்ம புல்லப் பாக்கணும் தலைவரே."

ஆமாம் சார் என்றான் கர்ட். சொன்ன வாய் கசந்தது.

வண்டிகளைப் பற்றி பிரென்ட்டுக்குத் தெரிந்ததெல்லாம் குதிரைசக்தியும் நிறமும்தான். பிளேடு எவ்வளவு அகலம் என்று கேட்டான். சொன்னதும், அதைவிட அகலமாக வேண்டும் என்றான். காபிக் கோப்பை வைக்க இடம் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தான். கடைசியில், வரிசையின் கோடியில் இருந்த பெரிய கறுப்பு வண்டியில் போய் அமர்ந்தான்.

அதற்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு பக்கமும் இரண்டு நெம்புகோல்கள். முன்னால் தள்ளினால் ஓடும், ஒன்றைப் பின்னால் இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும்.

சமதரையில் அதை அடித்துக்கொள்ள வேறு வண்டி இல்லை. ஈரச் சரிவில் அதை நம்பக் கூடாது. பின்சக்கரம் வழுக்கிவிட்டால் திருப்புவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. வண்டி போகிற இடத்துக்கு நாமும் போக வேண்டும். கவிழ்ந்தால் அதன் அடியில் கிடக்க வேண்டும்.

அதனால், நிலம் சமமா சரிவா என்பதுதான் கர்ட் எல்லோரிடமும் கேட்கிற முதல் கேள்வி.

பிரென்ட்டிடம் அதைக் கேட்கவில்லை.

கேட்கக் கூடாது என்றே இருந்தான். இவ்வளவு தெரிந்தவன் இதையும் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ராஜா மாதிரி ஏறி உட்காரட்டும், வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழட்டும். அப்படி நினைக்க அவனுக்கு இனித்தது. வெட்கமாகக்கூட இல்லை.

இதையே டிரக்கில் ஏற்றிவிடச் சொன்னான் பிரென்ட். கர்ட் சாவியை எடுத்தான்.

"ஓட்டக் கத்துக்கறது கஷ்டமா தலைவரே? சனிக்கிழமையானா நான் மீன் பிடிக்கப் போயிடுவேன். ஒய்ஃபோட பொண்ணு இருக்கா, பதினாலு வயசு. எந்நேரமும் போன நோண்டிக்கிட்டுக் கெடக்கா. அவதான் ஓட்டப் போறா."

சாவியை நீட்டப்போன கை நின்றுவிட்டது.

"இது வேணாம் சார்."

பிரென்ட் சிரித்தான். தன்னால் வாங்க முடியாது என்று நினைத்துவிட்டாயா என்றான். கர்ட் சாவியை டிராயரில் போட்டு மூடினான். ஸ்டியரிங் வைத்த, தாழ்வான, சின்னப் பச்சை வண்டியைக் காட்டி, இதை வேண்டுமானால் தருகிறேன் என்றான்.

பொம்மை வண்டி என்றான் பிரென்ட். ஊரில் இது ஒன்றுதான் கடையா, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இதே வண்டியைச் சிரித்துக்கொண்டே கொடுப்பான் என்றான்.

கொடுப்பான்தான். அது கர்ட்டுக்குத் தெரியும். எரிச்சலெல்லாம் போய்ப் பயம்தான் மிஞ்சியது. இந்த ஆளிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கெஞ்சினான்.

"சார், கொட்டகைக்குப் பின்னால ஓடைக்கு எறங்குற சரிவு மத்தியானம் வரைக்கும் ஈரம் காயாது. அங்க புல்லு வளந்தா வளந்துட்டுப் போகட்டும். டெலேனிய அங்க ஓட்ட விடாதீங்க."

ஓடையைப் பற்றி பிரென்ட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பெண்ணின் பெயரையும் சொல்லவில்லை.

மெதுவாக வண்டியை விட்டு இறங்கினான். எதிரில் நிற்பவனின் சட்டையில் தைத்திருந்த பெயரை அப்போதுதான் படித்தான். கர்ட் லாம்பர்ட். டெலேனியின் பள்ளிக்கூடப் பையிலும் அவள் பெயருக்குப் பின்னால் லாம்பர்ட் என்றுதான் எழுதியிருக்கும்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிரென்ட் போய் அந்தப் பச்சை வண்டியின் பக்கத்தில் நின்றான். அதன் பெடலைக் காலால் அமுக்கிப் பார்த்தான்.

"அவ உயரத்துக்கு இது எட்டுமா?"

கர்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தான். டெலேனி இப்போது எவ்வளவு உயரம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிரென்ட்தான் தன் தோளுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினான்.