குளத்துப்படி விளக்கு

காலையில் எழுந்தான், பல் தேய்த்தான், பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தான். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு குளக்கரைக்குப் போனான் ஓவர்சியர் வேதகிரி. இன்னும் சரியாக விடியவில்லை.

பல்லவர் காலத்துப் படிக்கட்டு என்பார்கள். சரிந்து கிடந்த கற்களை மாதக்கணக்கில் தூக்கி நிறுத்தி, சுண்ணாம்புக் காரை பூசியாயிற்று. விளக்குகள்தான் பாக்கி.

போன ஐப்பசியில் அவன் மனைவி கஸ்தூரி தண்ணீர்க் குடத்தோடு விழுந்து செத்தது இந்தப் படியில்தான். இருட்டில் படி தெரியவில்லை என்றது ஊர். தெருவுக்குக் கரண்ட் வந்தும் குளத்துக்குக் கம்பம் போடாத பஞ்சாயத்துத் தலைவர் ஏகாம்பரத்தின் மேல் பழி விழுந்தது.

"மறுபடியும் திருப்பணுமா?" கம்பத்தின் மேலிருந்து அலுத்துக்கொண்டான் எலக்ட்ரீஷியன் சாமுவேல். "லைட்டு போடறதே ஆளு மூஞ்சி தெரியத்தான். நீ இன்னா சார், காலுக்கு மட்டும் போடுன்ற?"

"ஏறி வர்றவங்க கண்ணுல படக்கூடாது. திருப்பு."

"பேஜாரு சார் உன்னோட."

ஏகாம்பரம் வந்தார். தள்ளியே நின்றார். "உன் மாமியாருக்கு நீயாவது சொல்லேம்பா. என் பொண்ணு வளைகாப்புல வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போச்சு. வயித்துப் புள்ளக்காரி, பயந்துகினு சோறு துன்னாம கெடக்கறா."

வேதகிரி ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குடத்தோடு மாமியார் தாயாரம்மாள் வந்தாள். சாமுவேல் இறங்கி வந்து சுவிட்சைப் போட்டான். அடிப்படி வரைக்கும் கல் கல்லாகத் தெரிந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏகாம்பரம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் காலில் விழுந்தார். "என் தப்புதாம்மா. அப்பவே போட்டிருக்கணும்."

"போட்டிருந்தா என் பொண்ணு இருந்திருப்பாடா, பாவி!"

அவரைத் தாண்டி வந்து வேதகிரியின் கன்னத்தை வழித்தாள். "என் மருமவன் போட்டுட்டாரு. நீ நல்லா இருக்கணும் நைனா."

கீழே கிடந்தவர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

கஸ்தூரி விழுந்த அன்று விடியலில் மேல்படியில் அவன் நின்றிருந்தது யாருக்கும் தெரியாது. ஏறி வந்தவள் சிரித்துக்கொண்டேதான் கத்தினாள்.

"மூஞ்சில டார்ச் அடிக்காத மாமா, படி தெரியல!"