சாட்சிக் கையெழுத்து

ஓசூர் மருந்துக் கம்பெனியில் தணிக்கை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, கவிப்ரியா ஒரு பழைய ஃபைலைத் தூக்கி விஜயகுமாரின் மேசைமேல் போட்டாள். மருந்துச் சோதனைக்கு ஊர் ஊராய் ஆள் சேர்த்தவர் அவர்தான்.

“நாப்பத்தொண்ணாம் நம்பர் அம்மாவுக்கு மாத்திரை குடுத்த மூணாம் வாரமே கை நடுங்கியிருக்கு. ஏன் சார் யாரும் போய்ப் பாக்கல?”

“அவங்களா சம்மதிச்சு வந்தவங்கதான் மேடம்.”

“கைநாட்டு சார் அது! பன்னெண்டு பக்கமும் இங்கிலீஷு. யாரு படிச்சுச் சொன்னது?”

“வீட்டுல படிக்கிற புள்ள இருந்தா சாட்சிக் கையெழுத்து வாங்கிக்குவோம். அதுங்களுக்கும் பெருமைதானே.”

“முயலுக்கு ஊசி போடறதுக்கே இங்க கமிட்டி கூடுது. மனுசிக்கு இவ்ளோதானா? சாட்சி போட்ட அந்த மூதேவிக்கு வெக்கமாவது இருந்துச்சா?”

“பேரெல்லாம் ஒட்டின கவருக்குள்ள இருக்குது. நீங்களே பிரிச்சுப் பாருங்க.”

கவரைக் கிழித்துப் படிவத்தை எடுத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ரிப்போர்ட்டுல சாட்சியப் பத்தி என்ன மேடம் எழுதறது?”

“எழுதுங்க. வயசு பதினஞ்சு. சர்க்கரை முகாம்னு நீங்க சொன்னத நம்பிடுச்சு. ஒரு வரிகூடப் புரியல. இங்கிலீஷுல கையெழுத்துப் போட்டேன்னு தெருவெல்லாம் பீத்திக்கிச்சு.”

“அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள். மாரம்மா, மத்திகிரி என்ற பெயருக்கும் ஊருக்கும் எதிரே ஒரு கைநாட்டு. அதன் கீழே குண்டு குண்டான ஆங்கில எழுத்தில் இருந்தது: கவிப்ரியா, மகள்.