தெத்துப்பல்

கூடத்துச் சுவர்த்திரைக்கு அந்தப் பெண் வந்ததிலிருந்து பியூலாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆற்றோரம் கிடைத்த, பெயர் தெரியாத மண்டையோட்டிலிருந்து இயந்திரம் வரைந்து அனுப்பிய முகம்தான். ஆனாலும் அது கண் சிமிட்டியது. ஆள் வந்தால் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இப்படிப்பட்ட முகங்களை வாங்கி வைத்து, திரையில் இருப்பதையே இணையத்திலும் காட்டி, அவற்றின் சொந்தக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அவள் கணவர் செல்வினின் பொழுதுபோக்கு. மற்ற முகங்களெல்லாம் சீக்கிரமே வீடு போய்ச் சேர்ந்தன. இவள் மட்டும் வருஷம் திரும்பியும் போகவில்லை. காலையில் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் செல்வின் காப்பி கேட்பார்.

"அவளுக்கும் சேத்துப் போடணுமா?"

"செத்தவ மேல என்ன பொறாம, பியூலா?"

அவர் குளிக்கப் போனதும், எரிச்சலில் அந்த முகத்தின் முதல் வரைவைத் திறந்தாள். அதில் அந்தப் பெண்ணுக்குத் தெத்துப்பல் இருந்தது. செல்வின்தான் அதை நேராக்கியிருக்கிறார். சிரித்தால் அசிங்கமாகத் தெரியட்டும் என்று பியூலா அதைப் பழையபடி வைத்தாள்.

சாயங்காலமே உடன்குடியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"எங்க அம்மாதான். அந்தப் பல்ல வச்சுத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

"அழகா இருக்கட்டும்னுதான் சரிபண்ணேன்" என்றார் செல்வின், தரையைப் பார்த்து.

முகம் போன இடத்தில் அவர்களுடைய கல்யாணப் படம் மறுபடி வந்தது. பியூலா தன் தெத்துப்பல்லை நாக்கால் தடவிக்கொண்டே அதைப் பார்த்தாள். படத்தில் அந்தப் பல்லைக் காணவில்லை என்பது இன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது. அதையும் அவர் என்றைக்கோ நேராக்கியிருந்தார்.

"நான் காணாமப் போனா எந்தப் படத்தக் குடுப்பீங்க?"