எதிர்வீட்டைப் பார்த்த கண்ணாடி

"பீரோ கண்ணாடியையா கழட்டுறீங்க? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஸ்க்ரூ டிரைவரை எடு. பேசாதே."

"அந்தம்மா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டு மூலைக் கண்ணாடியைத்தானே மாட்டச் சொன்னாங்க?"

"அவனோட கெட்ட எண்ணம் உள்ளங்கை அகலமா? லாரி லோடு! அதுக்குத் தகுந்த கண்ணாடி வேண்டாமா?"

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். குடியிருப்பில் எல்லோருக்கும் 'டிரைவர்'தான். நான்காவது மாடியில் வீடு.

'அவன்' என்றால் எதிர்க் கட்டிடத்து மூன்றாவது மாடிக்காரர். டிரைவர் அவருக்கு வைத்த பெயர் 'பெட்டிஷன்'. டிரைவரின் பழைய வேன் வழியை அடைக்கிறது, விடியக்காலையில் புகையைக் கக்குகிறது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த புண்ணியவான். வேனை விற்க வேண்டியதாயிற்று.

அந்த முகத்தில் இனி விழிப்பதில்லை என்று டிரைவர் அன்றைக்கே முடிவு கட்டினார். படுக்கையறை ஜன்னலை மறைத்து அட்டைப்பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். வேனில் மிச்சமான சாமான், ஓடாத மின்விசிறி, ஒற்றைச் செருப்புகள் என்று ஒவ்வொன்றாக ஏறி, பெட்டிகள் கூரையைத் தொட்டுவிட்டன. அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். ராத்திரியோ அவருக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

மகள்தான் ஃபெங் சுயி அம்மாவை அனுப்பி வைத்தாள். வீட்டில் எது எங்கே இருந்தால் மனசுக்கு நிம்மதி என்று சீன முறைப்படி சொல்கிறவர். அறைக்குள் ஒரு காலை வைத்ததுமே தூசியில் நாலு தும்மல் போட்டார்.

"ஐயா, முதல்ல இந்தக் குப்பையை எடுத்துட்டு ஜன்னலைத் திறங்க. வீடு மூச்சு விட வேண்டாமா?"

"திறந்தா அவன் மூஞ்சிதாங்க தெரியும்."

"அதுக்கு வழி இருக்கு. ஜன்னல்ல சின்னதா ஒரு எட்டு மூலைக் கண்ணாடி மாட்டினா, அங்கேருந்து வர்ற கெட்டது வந்த வழியே திரும்பிப் போயிடும்."

திரும்பிப் போகும் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக, ஆறு வருஷப் பெட்டிகளை ரெண்டே நாளில் கீழே இறக்கினார் டிரைவர். தான் கெஞ்சியபோது ஒரு பெட்டிகூட நகரவில்லையே என்று மனைவிக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

ஆளுயரக் கண்ணாடி ஜன்னலுக்கு வந்தது. லேசாக முன்னால் சாய்த்து, பெட்டிஷன் வீட்டு ஜன்னலுக்குக் குறி வைத்தார். இந்தப் பக்கம் நாள் பூராவும் வெயில். அந்தப் பக்கம் எப்போதும் நிழல். ஒரு கதவு அகலத்துக்கு வெளிச்சம் தெருவைத் தாண்டிப் போய் எதிர் ஜன்னலுக்குள் விழுந்தது.

"விழுந்துச்சு பார்! கண்ணு கூசட்டும்!"

"பாவங்க."

"என்ன பாவம்? என் வேனை முழுங்கினவன்!"

எதிர்வீட்டுத் திரை சரேலென்று மூடும் என்று காத்திருந்தார். மூடவில்லை. இன்னும் நன்றாக விலகியது.

"திமிரைப் பார்த்தியா?" என்றார்.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் பெட்டிஷன். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

டிரைவர் ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த பதில்கள் தொண்டை வரை வந்து நின்றன. என் வீடு, என் ஜன்னல், என் கண்ணாடி. எவன்கிட்ட வேணும்னாலும் எழுதிக் கொடு...

"உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?" என்றார் பெட்டிஷன்.

"எது?"

"என் சம்சாரம் படுக்கையில இருக்கிறது. கை கால் விழுந்து ஒன்றரை வருஷமாச்சு. வெயில்ல வைங்கன்னு டாக்டர் சொல்றார். எங்க ரூமுக்கு ஏது வெயில்? தூக்கிட்டு மூணு மாடி இறங்கவும் எனக்குத் தெம்பில்ல. நேத்து அவ மேல வெயில் விழுந்துச்சுங்க. அது நகர்ந்து போற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுச் சிரிச்சா."

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நீங்க அவர் வேனை விரட்டினீங்க, அவர் எனக்கு வெயிலை அனுப்புறார்னு சம்சாரம் என்னைக் குத்திக் காட்டுறா."

"அது... வந்து..." என்றார் டிரைவர். "சும்மா... ஏதோ தோணிச்சு."

மனைவிக்கு அப்போது பார்த்துப் பொல்லாத இருமல் வந்தது.

படி இறங்கப் போன பெட்டிஷன் திரும்பினார். "தப்பா நினைக்கக் கூடாது. இருபது நிமிஷத்துல வெயில் கட்டிலை விட்டுச் சுவத்துக்குப் போயிடுது."

டிரைவர் கதவைச் சாத்தினார். "கேட்டியா? ஓசி வெயில்லயும் குத்தம் கண்டுபிடிக்கிறான்!"

பத்து நாள் கழித்து ஃபெங் சுயி அம்மா போன் செய்தார்.

"ஐயா இப்போ தூங்குறாரா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாருங்க. பகல் பூரா வேலை சரியா இருக்கு."

"நான் சொல்லல? எதிர்வீட்டுக்காரரோட சமாதானம் ஆயிட்டாரா?"

மனைவி போனைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எதிர்வீட்டுக்காரரோட இப்போ பேசுறீங்களான்னு கேக்குறாங்க."

இருக்கையைக் கழற்றிய சுழல் நாற்காலியின் காலில் பொருத்திய ஆளுயரக் கண்ணாடியை, வெயில் போகிற போக்குக்கு விரற்கடை விரற்கடையாக, ஸ்டியரிங் மாதிரி திருப்பிக்கொண்டிருந்தார் டிரைவர்.

"அவனோடயா? செத்தாலும் பேச மாட்டேன்னு சொல்லு. இப்போ தொந்தரவு பண்ணாதே, எதிர்வீட்டம்மா காலுக்கு இன்னும் வெயில் போய்ச் சேரல."