வெடிக்காத வண்ண உருண்டை

பிளெவென் நகரத்தில், வண்ண உருண்டைகளைத் துப்பாக்கியால் சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் திடலின் வேகக் கண்காணிப்பாளனாகிய என் பெயர் மெத்தோதி பெலினோவ்; அகவை எழுபத்தொன்று. இயற்பியலை நான் கல்லூரியில் கற்றவனல்லன். நூல்களைக் கொண்டு நானே கற்றவன்.

திடலின் விதி எளிது. பட்டதும் வெடித்து வண்ணம் சிந்தும் உருண்டை நொடிக்குத் தொண்ணூறு மீட்டருக்கு மேல் பாயலாகாது. எடை மூன்று கிராம்தான். ஆயினும் வேகம் இருமடங்கானால் அடி நான்கு மடங்காகும். மீறுவோருக்கு ஓராண்டுத் தடை.

அந்த ஞாயிறன்று ராதோய் என்னும் ஆட்டக்காரர் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார். கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. சுட்டவள் கலீனா, மறுமாதம் தேசியப் போட்டிக்குச் செல்லவிருந்தவள்.

அவளது துப்பாக்கியை வேகமானியின் முன் சுட்டுப் பார்த்தேன். எண்பத்தெட்டு. ஆட்டத்தின்போது வேகத்தைக் கூட்டும் திருகாணியை முறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்தியிருக்கிறாள் என்று தீர்மானித்தேன்.

“எண்பத்தெட்டுல வந்த அடி இப்படிக் கன்னிப் போகாதும்மா. கணக்கு பொய் சொல்லாது.”

அவள் ராதோயின் சட்டையைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு வண்ணமும் இல்லை. புல்லில் கிடந்த உருண்டை ஒன்றை எடுத்து விரலால் அமுக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“திருகினது நான்தான் மாமா. எழுதிக்கோங்க.”

“யாருகிட்ட வேலையக் காட்டுற? மாமா கணக்குப் புலியாச்சே” என்றார் ராதோய்.

தடையை எழுதினேன்.

மறு ஞாயிறு, புதிதாக வந்தோரிடம் என் தீர்ப்பின் நுட்பத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். திடலின் உரிமையாளர் ஸ்தாங்காவுக்குப் பொறுக்கவில்லை. தனியே அழைத்துச் சென்றார்.

“உருண்டை வெடிச்சிருந்தா அடியில நல்ல பங்கு அதுலயே போயிருக்கும். இது வெடிக்கவே இல்ல மாமா. மொத்தமும் தோள்ல எறங்கிடுச்சு. குளிர்காலம் பூரா உருண்டைப் பெட்டியெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?”

என் வீட்டு நிலவறையில். முட்டைக்கோசு ஊறும் பீப்பாய்களுக்கு நடுவில். ஈரத்தில் உருண்டைகளின் தோல் ஊறி ரப்பராகியிருக்கிறது.

“கலீனா அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டா. பெட்டியெல்லாம் குப்பையில கொட்டச் சொன்னா. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கினா. ‘எனக்கு அடுத்த வருஷம் இருக்கு, மாமாவுக்கு இந்த வேலைய விட்டா என்ன இருக்கு’ன்னா.”

அவளை வரவழைத்தேன். தடையைக் கோடிட்டு அடித்தேன். காரணம் என்ற இடத்தில் என் நிலவறையைத்தான் எழுத எண்ணினேன். ஆனால் அதை எழுதினால் அவள் காத்த வேலை போய்விடும்; ‘வேகமானியில் கோளாறு’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

கலீனா படித்தாள்.

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க மாமா.”

நாள்: 2019 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை.