நுரை மட்டும்

"புருஷன் உள்ளே மூச்சுக்குத் திண்டாடிக்கிட்டுக் கிடக்கார். பட்டப்பகல்ல உங்களுக்கு இது கேக்குதா அண்ணி?"

கடைக்குட்டி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அண்ணனைப் பார்க்க வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மேடைமேல் ஜின் பாட்டில் திறந்து கிடந்தது. பக்கத்தில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகள், கொஞ்சம் சர்க்கரைப் பாகு, உடைத்த முட்டை ஓடு. மஞ்சள் கரு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில். அண்ணி மூடி போட்ட எவர்சில்வர் குவளையை இரண்டு கையாலும் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கி, மூச்சு வாங்கக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? கொஞ்சம் பொறு. நடுவுல நிறுத்தினா முட்டை வெள்ளை நுரை கட்டாது."

"நுரை ஒண்ணுதான் குறைச்சல்!"

அண்ணி குவளையைத் திறந்து ஐஸ் கட்டிகளைப் போட்டாள். மறுபடி மூடினாள். மறுபடி குலுக்கினாள்.

"முதல்ல ஐஸ் இல்லாம குலுக்கணுமாம். நேத்து மாத்திப் பண்ணிட்டேன், தண்ணி மாதிரி வந்துச்சு. கொண்டுபோய்க் காட்டினேன். வாயே திறக்கல, சரியில்லைன்னு தலையை ஆட்டிட்டார் உங்க அண்ணன்."

கடைக்குட்டிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணனுக்கா? இதையா?"

"ஆமா."

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? குடிச்சுக் குடிச்சுத்தானே தொண்டையே போச்சு!"

அண்ணன் ஒரு பெரிய ஹோட்டலின் பாரில் மது கலந்து கொடுப்பவராக இருந்தவர். தலை நரைக்கும்வரை அதே மேடை, அதே வேலை. வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் அந்த வாடை. ஊற்றிக் கொடுக்கிறவன் குடிக்காமலா இருப்பான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

கடைக்குட்டியும் பேசியிருக்கிறாள். தன் மகள் கல்யாணத்தில், 'அண்ணன் ஹோட்டல்ல மேனேஜர்' என்றுதான் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தாள். அது போதாதென்று அவரைத் தனியே இழுத்துப்போய், "இன்னிக்கு ஒரு நாளாவது குடிக்காம இருண்ணே, உனக்குப் புண்ணியமா போகும்" என்று காதைக் கடித்தாள். அவர் சிரித்துக்கொண்டே "சரி குட்டி" என்றார். அவ்வளவுதான்.

இப்போது தொண்டையில் நோய். குரல் போய்விட்டது. ஒரு வாய் தண்ணீர்கூட விழுங்க முடியாது. கஞ்சியெல்லாம் மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான். இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அண்ணி கண்ணாடிக் கோப்பையில் மெல்லச் சரித்தாள். அடியில் வெளிறிய மஞ்சள் பானம். அதன்மேல் வெள்ளை வெளேரென்று நுரை திரண்டு நின்றது. கோப்பையோடு ஒரு சின்ன ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"அண்ணி, சொன்னாக் கேளுங்க! புரையேறி உயிர் போயிடும்!"

கடைக்குட்டி பின்னாலேயே ஓடினாள். கோப்பையைப் பிடுங்கிவிடும் வேகத்தில்தான் அறைக்குள் நுழைந்தாள்.

ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக. தங்கையைப் பார்த்ததும் விரல்களை அசைத்தார். ஆனால் பார்வை உடனே கோப்பைக்குப் போய்விட்டது. கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, லேசாகச் சாய்த்துப் பார்த்தார். நுரை அசையவில்லை. மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

அண்ணிக்கு முகம் மலர்ந்தது. பானத்தைத் தொடாமல், மேலாக நுரையை மட்டும் ஸ்பூன் நுனியில் வழித்தாள்.

"விழுங்கத்தான் கூடாது. நுரையா ஏதாவது கொஞ்சம் நாக்குல தடவலாம், அங்கேயே கரைஞ்சிடும்னு வீட்டுக்கு வர்ற நர்ஸ் சொன்னா. அவகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் செய்யறேன்" என்றாள், திரும்பாமலேயே. "என்ன வேணும்னு இவரைக் கேட்டேன். குவளையைக் குலுக்கற மாதிரி கையைக் காட்டினார்."

அவர் வாயைத் திறந்தார். நுரை நாக்கில் பட்டது.

கண்கள் மூடிக்கொண்டன. புருவம் உயர்ந்தது. புளிப்பில் முகம் ஒரு தரம் சுருங்கி, பிறகு மெல்ல மெல்ல விரிந்தது. கடைசியில் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. எத்தனையோ வாரமாக அந்த முகத்தில் யாரும் சிரிப்பைப் பார்த்ததில்லை.

கடைக்குட்டிக்குக் கோபம் இறங்கிவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தபடி, "பழகின நாக்கு இல்லையா அண்ணி, கடைசி வரைக்கும் அந்த ருசி விட்டுப் போகுமா?" என்றாள்.

அண்ணி அவர் உதட்டோரத்தை முந்தானையால் ஒற்றினாள்.

"எங்க அப்பா குடிச்சே செத்தவர்மா. இந்த வேலையில இருக்கறவருக்குக் கழுத்தை நீட்டவே பயந்தேன். ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டேன்னு என் கையில அடிச்சு சத்தியம் பண்ணினார். அந்தச் சத்தியத்தை நேத்துதான் நானா திருப்பிக் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் கலந்து கொடுத்த மனுஷன், அது எப்படி இருக்கும்னு இப்பத்தான் முதல் தடவையா பாக்கறார்."