இடப்பக்கச் சிலிண்டர்

"மச்சான், எடப்பக்க சிலிண்டர் தொங்குது. வாரைக் கொஞ்சம் இறுக்கி உடேன்" என்று முக்குளிக்கக் கடலில் இறங்கும்முன் நிர்மல் கேட்டான்.

"மேல வந்து பாத்துக்கலாம் மாமே" என்றான் வேம்புலி.

நிர்மல் மேலே வரவில்லை.

ஓராண்டு கழித்து, நிர்மலின் மனைவி ஸ்வாதி காற்றுச் சிலிண்டர்களை விலாவோடு பிணைக்கும் அவனுடைய வார்க்கட்டை, அந்த ஹார்னஸை, வேம்புலியிடமே கொடுத்தாள். ஆவடியில் வேறு ஆளில்லாத நீச்சல் குளத்தில் அவன் வாரை இரண்டு விரற்கடை இறுக்கினான். அதை மாட்டிக்கொண்டு மூழ்கியதும் இரண்டு சிலிண்டர்களும் விலாவோடு ஒட்டிக் கிடந்தன. இவ்வளவுதானே வேலை என்று தண்ணீருக்குள்ளேயே அழுதான்.

ஏறி வந்ததும் கரையில் நின்றிருந்த ஸ்வாதி கேட்டாள்: "கூட யாருண்ணா எறங்கினாங்க? ரெண்டு எடத்துல குமிழி வந்துச்சே."

"யாரும் இல்லம்மா."

அவள் குளத்தைக் காட்டினாள். குமிழிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன, மூச்சுவிடும் சீரான இடைவெளியில், படிக்கட்டை நோக்கி மெல்ல நகர்ந்தபடி.

வேம்புலி படியைவிட்டு விலகவில்லை.